சுவரில் மாட்டிய ப்ரோக்ராம்

எங்கள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவுக்குப் பதிமூன்றாவதாக ஒரு மெஷின் வாங்கினார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. பக்கத்தில் சாய்வு நாற்காலி போட்டார்கள், ரிப்பன் வெட்டினார்கள், வெட்டிய ரிப்பனோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாசல் பலகையில் பன்னிரண்டை அழித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார்கள். பன்னிரண்டு என்று எழுதியிருந்த இன்னொரு இடம் மட்டும் யார் கண்ணிலும் படவில்லை. அது ப்ரோக்ராமுக்குள் இருந்தது.

நான் அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்காரன். பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பிரின்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், லிஃப்ட் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டயாலிசிஸ் பிரிவில் யாருக்கு எந்த நாற்காலி என்று பார்த்துக்கொள்ளும் ப்ரோக்ராமும் என் தலையில்தான். அது பேரைக் கூப்பிட்டால்தான் மெஷினின் பூட்டுத் திறக்கும். நர்ஸ் நினைத்தாலும் திறக்காது, டாக்டர் நினைத்தாலும் திறக்காது. அந்த ப்ரோக்ராமின் ஒதுக்குகிற பகுதி சமர்த்து. புது மெஷினைத் தானாகவே கண்டுகொண்டு பதிமூன்று பேருக்கு நாற்காலி கொடுத்துவிட்டது. கூப்பிடுகிற பகுதி மக்கு. ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூப்பிட்டுவிட்டு, வேலை முடிந்தது என்று படுத்துக்கொண்டது. பதிமூன்றாம் நாற்காலிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்தப் பதிமூன்றாம் நாற்காலிக்காரர் என் அக்கா.

மற்றவர்களில் யாராவது வராவிட்டால் அந்த நாற்காலிக்கு அக்காவைத் தள்ளிவிடும். எல்லாரும் வந்துவிட்டால், அக்கா வீட்டுக்குத் திரும்பி, கால் வீங்கி, மூச்சு வாங்கி, அதற்குப் பிறகு பூட்டு இல்லாத பழைய மெஷின் ஒன்று இருக்கிற அவசர வார்டு வழியாக வர வேண்டும். நல்லபடியாக இருக்கிற வரைக்கும் சிகிச்சை கிடையாது, சாகக் கிடந்தால் உண்டு. குடிக்கிற தண்ணீரை அளந்து அளந்து, நாக்கு வறண்டால் ஒரு ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"ரெண்டை மூணு ஆக்கணும், அவ்வளவுதானே?" என்றார் அத்தான். "இதுக்கா இத்தனை நாளு? எங்கிட்ட காட்டு, நான் ஆக்குறேன்."

"ஆக்க முடியாது அத்தான். வாரியத்துல அனுமதி வாங்கணும்."

"ஒரு நம்பருக்கா?"

"ஒரு புள்ளிக்குக்கூட."

அத்தான் என்னைப் பார்த்த பார்வையில் மச்சினன் என்ற மரியாதை சுத்தமாக இல்லை.

வாரியம் என்றால் மூலநிரல் தகுதி வாரியம். ஊரில் ஓடுகிற முக்கியமான ப்ரோக்ராம் எதையும் அவர்கள் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது என்பது சட்டம். ஒவ்வொரு ப்ரோக்ராமையும் பார்த்து இரண்டில் ஒரு முத்திரை குத்துவார்கள். 'சாதாரண நிரல்' என்றால் காரணம் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். 'விசித்திர நிரல்' என்றால் கை வைக்கக் கூடாது, அது பண்பாட்டுச் சொத்து. விசித்திர நிரல் என்பது, வேலை வெட்டி இல்லாத கெட்டிக்காரர்கள் வேடிக்கைக்காகவே கண்டுபிடிக்கிற கம்ப்யூட்டர் மொழிகளில் எழுதுவது. ஒரு மொழியில் ப்ரோக்ராம் காதல் கடிதம் மாதிரி இருக்கும். இன்னொன்றில் எட்டே எட்டுக் குறிகள்தான். இன்னொன்றில் வெறும் இடைவெளிகள் மட்டும், பக்கம் பூராவும் வெள்ளையாக இருக்கும், ஆனால் ஓடும். ஒரு தடவை வாரியத்து ஆள் ஒருவர் அப்படிப்பட்ட காதல் கடிதம் ஒன்றில் எழுத்துப் பிழை திருத்தப்போய், ப்ரோக்ராம் நின்று, ஊரே சிரித்தது. அன்றைக்கு வாரியம் ஒரு தீர்மானம் போட்டது: நமக்குப் புரியாத எதையும் இனித் தொடுவதில்லை. நல்ல தீர்மானம்தான். சிக்கல் என்னவென்றால், வாரியத்துக்குப் புரிகிற விஷயம் ரொம்பக் குறைவு.

நான் ப்ரோக்ராமை அச்சடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனேன். வராந்தாவில் பெஞ்ச் போட்டிருந்தது. தலைமுடியில் பெயின்ட் ஒட்டிய ஒரு பெண் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கூட்டத்தில் அவளைக் 'கட்டம்' என்றுதான் கூப்பிடுவார்களாம். மடியில் தலையணை உறை அளவுக்கு ஒரு படம். வண்ண வண்ணக் கட்டங்கள்.

"நீங்களும் ப்ரோக்ராமா?" என்று கேட்டாள்.

"ஆமா. நீங்க படம் மாட்ட வந்தீங்களா?"

"இதுதாங்க என் ப்ரோக்ராம். மேல் மூலையில ஆரம்பிச்சு கம்ப்யூட்டர் கட்டம் கட்டமா நடந்து போகும். சிவப்புலேர்ந்து மஞ்சளுக்குப் போனா கூட்டும், மஞ்சள்லேர்ந்து பச்சைக்குப் போனா கழிக்கும். கடைசியில 'வணக்கம்'னு ஒரு தடவை எழுதிட்டு நின்னுடும்."

"அதுக்கு ஒரு வரி போதுமே."

"போதும். அதுல என்ன சுகம் இருக்கு?"

எனக்கு எரிச்சலாக வந்தது. அங்கே ஒருத்தி மூச்சுக்குத் தவிக்கிறாள், இங்கே ஒருத்தி வணக்கம் சொல்லப் படம் வரைகிறாள். "நல்ல பொழைப்புங்க," என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க மொழிக்குச் சட்டம் மொத்தமும் ஒரே பக்கம்தான். பென்சிலை வெச்சு நீங்களே கட்டத்து மேல நடந்து பாக்கலாம், கணக்கு தப்பாது. உங்களோடதைக் கொடுங்க பாப்போம்."

கொடுத்தேன். புரட்டினாள். எனக்கு முன்னால் இருந்தவர், அவருக்கு முன்னால் இருந்தவர், அவரும் யாரிடமோ வாங்கினவர் என்று பல பேர் கை பட்ட சரக்கு அது. மாறிகளுக்கு, அதாவது ப்ரோக்ராம் கணக்குகளைப் போட்டு வைக்கும் பெட்டிகளுக்கு, பேர் வைத்திருந்த அழகைச் சொல்லி மாளாது: புதுசு, புதுசு_கடைசி, நிஜமாகவே_கடைசி, நிஜமாகவே_கடைசி_2. நடுவில் ஒரு இடத்தில் யாரோ குறிப்பு எழுதியிருந்தார்கள்: 'இதைத் தொடாதே. ஏன் என்று தெரியவில்லை. தொட்டால் எல்லாம் நின்றுவிடுகிறது.' அதற்குக் கீழே வேறொரு ஆள்: 'தொட்டேன். நின்றது. உண்மை.'

கட்டம் விழுந்து விழுந்து சிரித்தாள். "நாங்க தெரிஞ்சே புரியாம எழுதுறோம், நீங்க தெரியாமலே புரியாம எழுதுறீங்க. கம்ப்யூட்டருக்கு ரெண்டும் ஒண்ணுதான், அது பாட்டுக்குச் செஞ்சுட்டுப் போயிடும்."

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், இரண்டு பேரையும் சேர்த்தே.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் தொனி அதிகாரி, கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட அம்மா. இடது பக்கம் ஓர அதிகாரி. பக்கத்தின் நான்கு ஓரங்களிலும் விட்ட இடம் சரியா என்று ஸ்கேல் வைத்துப் பார்ப்பது அவர் வேலை, வேறு வேலை இல்லை.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்த நாற்காலியில உட்கார எனக்கு என்ன தகுதின்னு சில பேர் கேக்குறாங்க. சொல்றேன். சர்வீஸ்ல சேர்ந்த நாள்லேர்ந்து இன்னைவரைக்கும் ஒரு வரி நிரல்கூட எனக்குப் புரிஞ்சதில்லை. புரிஞ்சவரை உட்கார வெச்சா என்ன ஆகும்? அவருக்குப் புரிஞ்சதுக்குச் சாதகமாப் பேசுவார். நான் அப்படி இல்லை. எனக்கு எல்லா நிரலும் ஒண்ணு. இதைவிட நடுநிலை எங்க கிடைக்கும்?"

ஓர அதிகாரி கை தட்டினார். தொனி அதிகாரி தலையை மட்டும் ஆட்டினார், கை தட்டுவது அவருடைய தொனிக்கு ஒத்துவராது போல.

முதலில் கட்டத்தின் படம். ஓர அதிகாரி ஸ்கேலை வைத்தார், நாலு பக்கமும் ஒரே அளவு. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. தலைவர் படத்தைக் கையில் எடுத்து எட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"சிவப்பு, மஞ்சள், பச்சை. இதுல புரியாம போக என்ன இருக்கு? பளிச்சுன்னு இருக்கே. யாருக்கெல்லாம் புரியுது?"

மூன்று கையும் உயர்ந்தன. சாதாரண நிரல் என்று முத்திரை விழுந்தது.

"சார், சார்," என்று பதறினாள் கட்டம். "இது விசித்திர நிரல் சார். கண்காட்சியில வைக்கணும்னு கொண்டு வந்தேன். இது எதுக்குன்னு உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"என்னம்மா இது, சிவப்பு, மஞ்சள், பச்சைன்னா எதுக்குன்னு குழந்தைக்குக்கூடத் தெரியும். போக்குவரத்துத் துறைக்கு அனுப்புங்கப்பா."

அனுப்பிவிட்டார்கள். எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். படத்தையே புரிந்துகொண்டவர்களுக்கு என் ப்ரோக்ராம் புரியாமலா போகும் என்று நினைத்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவனின் நினைப்பு அது.

என் காகிதக் கட்டை வாங்கிய ஓர அதிகாரி முதல் பக்கத்திலேயே ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டார். ஓரமே இல்லை. சில வரிகள் பக்கத்தைத் தாண்டி எங்கேயோ போயிருந்தன. தொனி அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"புதுசு. புதுசு கடைசி. நிஜமாகவே கடைசி. நிஜமாகவே கடைசி இரண்டு." நிறுத்தினார். "முடிவுன்னு நினைக்கிறோம், முடியறதில்லை. இல்லையா சார்?"

"என்னமோ பண்ணுது," என்றார் தலைவர், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

"இதைத் தொடாதே. ஏன் என்று தெரியவில்லை." அந்த அம்மாவுக்குக் குரல் உடைந்தது. "என்ன ஒரு தனிமை! அடுத்த வரியைப் பாருங்க. தொட்டேன். நின்றது. உண்மை. மூணே சொல்லு. ஒரு வாழ்க்கையே இருக்கு இதுல."

"மேடம்," என்றேன், "அது பழைய ஆளுங்க எழுதி வெச்ச குறிப்பு. நான் கேக்கறது நாலாவது பக்கம். அங்க பன்னிரண்டுன்னு இருக்கு. அதைப் பதிமூணு ஆக்கணும். புது மெஷின் வந்திருக்கு, அவ்வளவுதான்."

நாலாவது பக்கத்தை எடுத்தார்கள். மூன்று தலைகளும் அந்தப் பன்னிரண்டின் மேல் கவிழ்ந்தன.

"ஒன்று முதல் பன்னிரண்டு வரை கூப்பிடு," என்று படித்தார் தொனி அதிகாரி. "ஆண்டுக்குப் பன்னிரண்டு மாசம். கடிகாரத்துல பன்னிரண்டு மணி. கூப்பிட்டுக்கிட்டே இருக்கார், காலம் போய்க்கிட்டே இருக்கு. முழுப் படைப்பும் இந்த ஒரு எண்ணு மேலதான் நிக்குது. இதைப் பதிமூணு ஆக்கினா சந்தமே செத்துடும்."

"ஆக்கலேன்னா எங்க அக்கா செத்துடுவா மேடம்."

அறை நிசப்தமாகிவிட்டது. அப்பாடா, உறைத்துவிட்டது என்று நான் நிமிர்ந்தேன். தொனி அதிகாரி மெதுவாகப் பேனாவைத் திறந்து, நான் சொன்ன வாக்கியத்தை ஓரத்தில் எழுதிக்கொண்டார். "நல்ல வரி," என்றார். "விளக்கவுரையில சேர்த்துக்கலாம்."

யாருக்கெல்லாம் புரியுது என்று தலைவர் கேட்டார். ஒரு கையும் உயரவில்லை. பாதுகாக்கப்பட்ட விசித்திர நிரல் என்று பெரிய முத்திரை விழுந்தது, மேஜையே அதிர்ந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, நேற்றுவரை அனுமதியோடாவது தொட்டிருக்கக்கூடிய ப்ரோக்ராமை இன்று முதல் யாருமே தொடக் கூடாது என்று ஆக்கிவிட்டு வெளியே வந்தேன். சட்டையில் ஒரு பித்தளை பேட்ஜ் வேறு குத்தி அனுப்பினார்கள். 'காப்பாளர்' என்று போட்டிருந்தது.

அத்தான் பேட்ஜைப் பார்த்தார். "என்னடா, புரமோஷனா?" என்றார். நான் விவரம் சொன்னேன். அவர் எழுந்து போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள். செருப்பு வார் காலில் ஏறவில்லை, வெறுங்காலோடு இருந்தாள். விரலால் அழுத்திப் பார்த்தேன், குழி விழுந்து அப்படியே நின்றது.

"வாரியத்துக்காரங்களைத் திட்டாதே," என்றாள். "அவங்களும் பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அக்கா, அதைத்தான் அவங்களே பெருமையா சொல்லிக்கிறாங்க."

நான் விடவில்லை. அந்த ப்ரோக்ராமை அப்படியே விட்டுவிட்டு, அதே வேலையைச் செய்கிற புது ப்ரோக்ராம் ஒன்றைச் சுத்தமாக, குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதினேன். எடுத்துக்கொண்டு ஓடினேன். தலைவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே வேலையைத்தான் செய்யுமா?"

"ஆமா சார்."

"அப்ப இது மொழிபெயர்ப்பு. பாதுகாக்கப்பட்ட படைப்பை மொழிபெயர்க்கணும்னா மூல ஆசிரியர்கள் எல்லாரோட சம்மதமும் வேணும். கூட்டிட்டு வாங்க."

"அவங்கள்ல பாதிப் பேர் உயிரோடவே இல்லை சார்."

"மீதிப் பாதி?"

"எங்க இருக்காங்கன்னு தெரியாது."

"பெரிய படைப்பாளிகளே அப்படித்தான் தம்பி," என்றார் தலைவர் ஆறுதலாக.

திரும்பி வரும்போது நாற்சந்தியில் பெரிய நெரிசல். சிக்னல் கம்பத்தில் கட்டத்தின் ப்ரோக்ராமைப் பொருத்திவிட்டிருந்தார்கள். விளக்குகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு சுற்று அழகாக ஓடின. கம்பத்துப் பலகையில் 'வணக்கம்' என்று வந்தது. பிறகு எல்லாம் அணைந்துவிட்டது. நாலு திசையிலும் ஹாரன் காதைக் கிழித்தது. நடுவில் போக்குவரத்துக் காவலர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றார். நடைபாதையில் கட்டம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒவ்வொரு தடவையும் யாராவது போய் ஸ்விட்சைப் போட்டா மறுபடி ஒரு சுற்று ஓடும்," என்றாள். "அதுக்கு ஒரு ஆள் போட்டிருக்காங்க. எங்கிட்ட பராமரிப்பு அறிக்கை கேக்குறாங்க. வாரியத்து அறிக்கையைப் படிச்சீங்களா? 'வாகன ஓட்டிகளுக்கு இதுவரை யாரும் இவ்வளவு மரியாதையா வணக்கம் சொன்னதில்லை'ன்னு போட்டிருக்காங்க."

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. "இத்தனை நாளா புரியாம எழுதறதை விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்கு ஒரு ஆள் வந்தார். நகல் ஒப்பீட்டாளர் என்று சொல்லிக்கொண்டார். வாரியத்தின் கண்காட்சிக் கூடத்தில் என் ப்ரோக்ராமைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். முத்திரை விழுந்த நாளிலிருந்து சுவரில் இருப்பதுதான் மூலம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் ஓடுவது அதன் நகல். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது அவர் உத்தியோகம்.

"உங்க நகல்ல ஒரு தப்பு இருக்கு," என்றார் கறாராக. "'தொட்டேன்'ங்கிற சொல்லுக்கு நடுவுல மூலத்துல ஒரு முற்றுப்புள்ளி இருக்கு. உங்களோடதுல இல்லை."

"நடுவுல எப்படிங்க முற்றுப்புள்ளி வரும்?"

போட்டோ காட்டினார். பார்த்தேன். உற்றுப் பார்த்தேன். "ஐயா, இது ஈ எச்சம்."

"அது எப்படி வந்ததுன்னு ஆராயறது என் வேலை இல்லை. மூலத்துல இருக்கு, நகல்ல இல்லை. இன்னைக்குள்ள சேர்த்தாகணும்."

அவரே ஆணையில் கையெழுத்துப் போட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, புள்ளியைச் சேர்க்கச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார். குறிப்புக்குள் விழுந்த புள்ளி என்பதால் ஒன்றும் நிற்கவில்லை, பிழைத்தோம். அவர் போன பிறகும் நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்காட்சிக் கூடத்தில் ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து போனால் எங்கள் டயாலிசிஸ் ப்ரோக்ராம் மாறுகிறது. வாரியத்தின் முழு ஒப்புதலோடு, அன்றைக்கே மாறுகிறது. எனக்கு இல்லாத அதிகாரம் ஒரு ஈக்கு இருக்கிறது. நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம் வரவில்லை, அவமானத்தில் இல்லை, ஆசையில்.

மறுநாள் அக்காவை மறுபடி அவசர வார்டில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஆக்ஸிஜன் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு அவள் திணறுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். மூத்த நர்ஸ் வெளியே வந்து, "இப்படியே இழுத்துக்கிட்டுப் போனா இன்னும் எத்தனை தடவை தாங்குவாங்கன்னு சொல்ல முடியாது தம்பி," என்றார். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? நான் கட்டத்துக்கு போன் போட்டேன். "கறுப்பு பெயின்ட் இருக்கா?" என்று கேட்டேன். "வகை வகையா இருக்கு," என்றாள்.

கண்காட்சிக் கூடத்தில் அன்று மாலை சிறப்பு நிகழ்ச்சி. என் ப்ரோக்ராம் ஆளுயரத்தில் சுவரில் தொங்கியது. கண்ணாடி போடவில்லை, டெண்டர் இன்னும் முடியவில்லையாம். நாற்காலிகளை அதற்கு முதுகு காட்டி, எதிர்க்கோடி மேடையைப் பார்த்துப் போட்டிருந்தார்கள். மேடையில் தலைவர்.

"நண்பர்களே, இந்தப் படைப்பு என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இதை வெச்சு ஆஸ்பத்திரியில என்னமோ நடக்குதாம், அதைப் பத்தி நமக்கு அக்கறை இல்லை. அக்கறைப்பட்டா அது கலையா இருக்காது, வேலையா ஆயிடும்!"

கை தட்டல் எழுந்தது. எல்லார் முதுகும் எங்கள் பக்கம். கட்டம் தூரிகையை மையில் தோய்த்து என் கையில் கொடுத்தாள். "நீங்க போடுறீங்களா?" என்றேன். "நான் சதுரம்தான் நல்லா போடுவேன்," என்றாள். நானே போட்டேன். இரண்டின் அடிக்கோட்டை வளைத்து, வயிற்றைச் சேர்த்து, மூன்றாக்கினேன். கொஞ்சம் பருமனாகத்தான் வந்தது.

"ஏய்! என்ன பண்றே?" என்று காவலாளி கத்தினார். பேட்ஜைக் காட்டினேன். அவர் மசியவில்லை, சட்டைக் காலரைப் பிடித்து மேடைப் பக்கம் இழுத்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. மூன்று அதிகாரிகளும் சுவரிடம் ஓடி வந்தார்கள்.

எனக்கு ஏதோ வேகம் வந்துவிட்டது. "நான்தான் மாத்தினேன்," என்றேன். "பன்னிரண்டைப் பதிமூணு ஆக்கினேன். எங்க அக்கா அங்க மூச்சு முட்டிக் கிடக்குறா. என்ன தண்டனை வேணாலும் கொடுங்க."

தலைவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மேலிடத்து விருந்தாளிகளைப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இந்தத் தம்பி சொல்றது வாரியத்து மேல அவதூறு," என்றார் கணீரென்று. "எங்க மூலப்படியை யாரும் தொட முடியாது. பாதுகாப்பு அப்படிப்பட்டது. யாரும் தொட முடியாதுன்னா, இவரும் தொடலை."

"சார், மை இன்னும் காயக்கூட இல்லை. தொட்டுப் பாருங்க."

"தொடக் கூடாதுன்னுதானே சொல்றேன்?"

"அப்ப அங்க பதிமூணுன்னு இருக்கே?"

"இருக்குன்னா எப்பவும் இருந்திருக்கு."

தொனி அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டப் போனார். "இந்த மூணு கொஞ்சம் தடிமனா இருக்கு," என்று முணுமுணுத்தவர், தலைவரின் முகத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "ஆசிரியர் வேணும்னேதான் அழுத்தம் கொடுத்திருக்கார். பன்னிரண்டுல வட்டம் முடிஞ்சு போகுது. அதுக்கு மேல ஒருத்தரைக் கூப்பிடறார் பாருங்க, அங்கதான் கவிதை ஆரம்பிக்குது."

விருந்தாளிகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். கட்டமும் தட்டினாள், விரலெல்லாம் கறுப்பாக. பதிமூன்று இல்லாவிட்டால் சந்தம் செத்துவிடும் என்று அந்த அம்மா சொன்னதாக மறுநாள் பத்திரிகையில் வந்தது.

நகல் ஒப்பீட்டாளர் காலையிலேயே வந்துவிட்டார். நகலில் தப்பு இருக்கிறது என்றார், கறாராக. இன்றைக்குள் சரிசெய்தாக வேண்டும் என்றார். நான் இரண்டை அழித்து மூன்றை அடித்தேன். கையோடு எனக்கு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார்: மூலத்தில் பதிமூன்று என்று தெளிவாக இருந்தும், இவ்வளவு காலம் பன்னிரண்டு என்று தவறாக ஓட்டி, நோயாளிகளின் உயிரோடு விளையாடிய குற்றத்துக்காகக் காப்பாளர் பதவியிலிருந்தும் ஆஸ்பத்திரி வேலையிலிருந்தும் உடனடியாக நீக்கம். பேட்ஜைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பித்தளை ஆயிற்றே, விடுவாரா?

மேஜையில் இருந்த சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு டயாலிசிஸ் பிரிவுக்குப் போனேன். அக்காவை வார்டிலிருந்து நடத்திக் கூட்டி வந்து பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அத்தான் பக்கத்தில் நின்றார். ஒலிபெருக்கி ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. எல்லாரும் எழுந்து போய் உட்கார்ந்தார்கள். வழக்கமாக அது அடங்கிப்போகிற இடத்தில் ஒரு நொடி இழுத்தது. பிறகு அக்காவின் பேரைச் சொல்லி, பதிமூன்றாம் நாற்காலி என்றது. உள்ளே மெஷினின் பூட்டு 'டக்' என்று திறந்தது.

அக்கா எழுந்திருக்கவில்லை. முகம் வெளிறிப்போய், உள்ளே இருந்த ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யாருடா வரலை இன்னைக்கு?" என்றாள் பயந்த குரலில். "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலைக்கா. எல்லாரும் வந்துட்டாங்க. இது உன்னோட நாற்காலி."

அவள் என்னையே பார்த்தாள்.

"அப்புறம் ஏன்டா அழுறே? மூஞ்சியைத் துடை, ஆளுங்க பாக்குறாங்க," என்றாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு, வீங்கின காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உள்ளே போனாள்.